பக்கத்து ட்ராக்கில் ஒரு குரல்

வருடா வருடம் மைக்கைப் பிடித்து வாயால் பாடிய ஊஞ்சல் பாட்டை, இந்த வருடம் மட்டும் எதற்காகக் கொம்பியூட்டரில் பதிய வேண்டும்?

இந்தக் கேள்வி சுகந்தினியின் தலைக்குள் இரண்டு கிழமையாகக் குடியிருந்தது. எழும்பிப் போகிற எண்ணமே அதற்கு இல்லை. அரிசி கழுவும்போதும் அது இருந்தது, ஆட்டுக்குக் குழை ஒடிக்கும்போதும் இருந்தது.

அக்கராயன் பக்கத்து ஏழாம் வாய்க்கால் பிள்ளையார் கோயிலில், பூங்காவனத் திருவிழா அன்று சுவாமியை ஊஞ்சலில் வைத்து ஆட்டுவார்கள். பக்கத்தில் நின்று ஊஞ்சல் பாட்டுப் பாட ஒருவர் வேண்டும். ஆறு வருடமாகப் பாடியவள் தேனுகா. பரிபாலன சபைத் தலைவர் செல்வநாயகத்தின் மருமகள். யாழ்ப்பாணத்தில் சங்கீதம் படித்துவிட்டுக் கிளிநொச்சியில் ரீச்சராக இருப்பவள். அவளுடைய பாட்டில் ஒருவராலும் குறை சொல்ல முடியாது. ஆனால் தலைவர் பதவியும் தலைவர் வீட்டுக்கு, பாட்டும் தலைவர் வீட்டுக்கா என்ற முணுமுணுப்பு வருடத்துக்கு வருடம் கூடி, இந்த முறை பொதுக்கூட்டத்தில் வெடித்துவிட்டது. செயலாளர் அப்புத்துரை எழும்பினார். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சட்டம் என்றால் தம்பி, தமையன் பார்க்காத மனிதர்.

"பாடத் தெரிஞ்ச ஆக்கள் பேர் குடுங்கோ. திருவுளச்சீட்டுப் போடுவம். ஆர் பாடுறதெண்டு பிள்ளையாரே சொல்லட்டும்."

ஐந்து பேர் பெயர் கொடுத்தார்கள். ஐயரின் பேத்தி கண்ணை மூடிக்கொண்டு எடுத்த சீட்டில், ஊஞ்சல் பாட்டுப் பாடுறவர் என்பதன் கீழ் இருந்த பெயர்: சுகந்தினி சதீஸ்.

சுகந்தினியின் தகப்பன் கணபதி, கலவரத்தோடு மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர். அந்தக் கோயிலுக்கு மண் சுமந்தவர்களில் அவரும் ஒருவர். அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டவும், கோயில் வீதி கூட்டவும் அவர்களை யாரும் தடுத்ததில்லை. மைக் மட்டும் இத்தனை வருடத்தில் ஒரு நாளும் அவர்கள் பக்கம் திரும்பியதில்லை. சீட்டைப் படித்ததும் கணபதி கண்ணைத் துடைத்ததைச் சுகந்தினி பார்த்தாள். தலைவர் செல்வநாயகம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததையும் பார்த்தாள்.

மூன்றாம் நாள்தான் தலைவருக்கு அந்த யோசனை பிறந்தது.

"பிள்ளை, பாட்டை வடிவா ஸ்ரூடியோவில பதிவம். ஊஞ்சல் நேரம் அதைப் போட்டால் காணும். கனடாவில இருக்கிற எங்கட சனமும் யூரியூப்பில கேக்குமெல்லே?" என்றவர், கூடவே ஒரு கட்டளையும் போட்டார். "ஆனா உந்தக் கொம்பியூட்டர்ச் சத்தம் வேண்டாம். காதுக்குள்ள ஊசி குத்தின மாதிரி இருக்கும். அந்தக் காலத்தில சத்தங்களைக் கலக்கிற பெரிய மிக்சர் மேசையில பதிஞ்ச கசெற் இருந்ததே, அந்தச் சத்தம் வேணும் எனக்கு."

"அந்தாள் ஆசையாச் சொல்லுது. நீ ஏன் எல்லாத்தையும் நுள்ளி நுள்ளிப் பாக்கிறாய்?" என்றான் கணவன் சதீஸ்.

"போன வருசம் ஏன் அந்த ஆசை வரேல்லை?"

சதீஸ் லான்ட்மாஸ்ரர் உழவு மெசினுக்கு எண்ணெய் பார்க்கப் போய்விட்டான்.

ஸ்ரூடியோ கிளிநொச்சி டவுனில், ஒரு இரும்புக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. சுவர் முழுக்க முட்டை மட்டை ஒட்டியிருந்தது. நடத்துபவன் சிவகரன், இருபத்தாறு இருபத்தேழு வயதுப் பெடியன். சுகந்தினி உள்ளே போனதும் முதலில் தேடியது அந்தப் பெரிய மேசையை. ஒரு லப்ரொப், ஒரு மைக், இரண்டு ஸ்பீக்கர், ஒரு உடைந்த கதிரை. வேறொன்றும் இல்லை.

"மேசை எங்க தம்பி?"

"மேசை லப்ரொப்புக்குள்ள இருக்குது அக்கா," என்று சிரித்தான் சிவகரன்.

அந்தச் சிரிப்பையும் அவள் மனதுக்குள் வாங்கி வைத்துக்கொண்டாள். ஆர்மோனியமும் தபேலாவும் முன்னமே பதிந்திருந்தன. ஹெட்போனில் அதைக் கேட்டபடி ஐந்து ஊஞ்சல் பாட்டையும் பாடிக் கொடுத்துவிட்டு வந்தாள். தண்ணீர் குடிக்கக்கூட இறங்கவில்லை. நன்றாகப் பாடினோம் என்று அவளுக்கே தெரிந்தது.

திங்கட்கிழமை காலை பாட்டின் மாதிரி ஒன்று வட்ஸ்அப்பில் வந்தது. சிறுபோக வேளாண்மைக் காலம். அன்று வாய்க்கால் தண்ணீர் அவர்களுடைய வயலுக்கு விடும் முறை. வரம்பில் குந்தியிருந்து, சதீஸின் ஹெட்போனைக் காதில் செருகிக் கேட்டாள். பாட்டு உண்மையிலேயே பழைய கசெற் மாதிரித்தான் இருந்தது. தன் குரலா இது என்று ஒரு கணம் குளிர்ந்துபோனாள்.

இரண்டாவது பாட்டின் முடிவில் அந்தக் குளிர் போய்விட்டது.

ஒவ்வொரு பாட்டும் "ஆடீர் ஊஞ்சல்" என்று முடியும். மூச்சு முட்டியதால் இரண்டாவதில் அவள் அதைச் சட்டென்று வெட்டி முடித்திருந்தாள். அவள் நிறுத்திய பிறகும், எங்கோ கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் ஒரு குரல் இன்னும் போய்க்கொண்டிருந்தது. ஒரு சின்னச் சுழிப்புப் போட்டு, பிறகுதான் இறங்கியது.

திரும்பப் போட்டாள். திரும்பவும் அதேதான்.

"இஞ்சாருங்கோ, இதை ஒருக்காக் கேளுங்கோ."

சதீஸ் சேற்றுக் கையை உடுப்பில் துடைத்துவிட்டு ஒரு காதில் வைத்தான். "நல்லாத்தானே பாடியிருக்கிறாய்."

"நான் முடிச்சாப் பிறகு கேளுங்கோ."

"நீ முடிச்சாப் பிறகு ஆர் பாடுறது? பிள்ளையாரோ?"

"பகிடி விடாமல் கேளுங்கோவன்!"

கேட்டான். நெற்றி சுருங்கியது. "உன்ர குரல்தான் எங்கயோ பட்டுத் திரும்பி வருது போல."

"நான் போடாத சங்கதியைப் போட்டுக்கொண்டு திரும்பி வருமோ?"

சதீஸ் ஹெட்போனைக் கழற்றி அவளிடம் கொடுத்தான். பகிடி விடும் முகம் இப்போது அவனுக்கு இல்லை. "எனக்கும் என்னவோ வடிவாத் தெரியேல்லை. போய்க் கேள்," என்றான்.

அந்தச் சுழிப்பை அவள் ஆறு வருடமாகக் கேட்டிருக்கிறாள். பூங்காவனத்தன்று கூட்டத்தின் கடைசி வரிசையில் நின்று கேட்டிருக்கிறாள். அது தேனுகாவின் சுழிப்பு. தன் குரலுக்கு அடியில் தேனுகாவின் குரல் என்ன செய்கிறது? தன்னுடையது போதாது என்று முட்டுக் கொடுத்திருக்கிறார்களா? நாளைக்கு ஊரெல்லாம், சுகந்தினி எங்கே பாடினாள், பாடினது ரீச்சரெல்லோ என்று சொன்னால், சீட்டு எடுத்த பிள்ளையாருக்கும் கண்ணைத் துடைத்த அப்பாவுக்கும் அவள் என்ன பதில் சொல்வது?

பூங்காவனத்துக்கு இரண்டு நாள் இருக்க, புதன்கிழமை பதினொரு மணி பஸ்ஸில் தனியாகவே டவுனுக்குப் போனாள்.

சிவகரன் அவளை எதிர்பார்க்கவில்லை. "அக்கா? பின்னேரம்தானே தலைவராக்கள் கேக்க வாறதெண்டு..."

"நான் முந்திக் கேக்கலாமெண்டு வந்தனான். இரண்டாவது பாட்டைப் போடும். என்ர குரலை மட்டும்."

போட்டான். முடிவில் அந்தக் கிணற்றுக் குரல் வந்தது. சிவகரனின் முகத்தில் ஏதோ ஒன்று ஓடி மறைந்ததை அவள் கவனித்தாள். அடுத்த நொடியே அவன் சிரித்துவிட்டான்.

"ஓ, இதோ? இது மென்பொருளின்ர வேலை அக்கா. இஞ்ச பாருங்கோ."

திரையில் ஒரு மேசையின் படம் விரிந்தது. இரண்டு பக்கமும் மரப் பலகை, வரிசை வரிசையாகக் குமிழ்கள், ஒவ்வொரு வரிசைக்கும் மேலே ஒரு ஊசி, கீழே ஏற்றி இறக்குகிற ஒரு கட்டை. தொட்டால் தூசி படும் போலிருந்தது. அத்தனையும் படம்.

"கொம்பியூட்டரில நேராப் பதிஞ்சா குரல் கழுவித் துடைச்ச கிளாஸ் மாதிரி இருக்கும். பழைய மேசையில கம்பிக்குள்ளால சுத்தி வரேக்க கொஞ்சம் அழுக்கு ஏறும். அந்த அழுக்குத்தான் ஆக்களுக்கு இதமா இருக்கிறது. இந்த மென்பொருள் அதே அழுக்கை அளந்து போடும். கொஞ்சம் இரைச்சல், கொஞ்சம் கரகரப்பு. பிறகு இந்தா, கசிவு. அந்த மேசையில ஒரு வரிசையில, அதாவது ஒரு ட்ராக்கில, ஓடுற சத்தம் பக்கத்து வரிசைக்குள்ளயும் மெல்லக் கசியும். பிழைதான். ஆனா அந்தப் பிழை இல்லாட்டிப் பழசு மாதிரி வராது. தலைவர் இன்னும் பழசாக்கு, இன்னும் பழசாக்கு எண்டு நிண்டவர். நான் கசிவுக் குமிழை முழுக்கத் திருப்பிவிட்டன்."

"அப்ப என்ர வரிசைக்குள்ள கசியிறது என்ன?"

"பக்கத்தில இருக்கிற ஆர்மோனியமா இருக்கும்."

"ஆர்மோனியத்தை நிப்பாட்டும்."

நிறுத்தினான். குரல் நிற்கவில்லை. தபேலாவை நிறுத்தச் சொன்னாள். அப்போதும் நிற்கவில்லை. சிவகரன் அவசரமாகக் கசிவுக் குமிழைப் பூச்சியத்துக்குத் திருப்பினான். கிணற்றுக் குரல் மறைந்தது.

"பாத்தீங்களே? மென்பொருள்தான். சரிதானே அக்கா?"

"கசிவை அடைச்சால் கசிவு நிக்கும்தானே தம்பி. எங்க இருந்து கசிஞ்சதெண்டெல்லே நான் கேக்கிறன்." அவள் திரைக்குக் கிட்டக் குனிந்தாள். "முதலாவதில ஆர்மோனியம் எண்டு எழுதிக் கிடக்கு. இரண்டாவது தபேலா. மூண்டாவதில என்ர பேர். நாலாவதில பேர் இல்லையே?"

"அது வெறும் வரிசை."

"வெறும் வரிசையெண்டால் ஊசி ஏன் ஆடுது?"

நாலாவது வரிசையின் கட்டை அடி வரைக்கும் இறக்கப்பட்டிருந்தது. ஆனால் அதன் தலையில் இருந்த ஊசி, யாரோ பாடப் பாட எழும்பி விழுவதுபோல் துள்ளிக்கொண்டிருந்தது.

சிவகரன் தண்ணீர்ப் போத்தலை எடுத்து மடமடவென்று குடித்தான். "அக்கா, இதுக்கு முந்தி எங்கயாவது ஸ்ரூடியோவில வேலை செய்தனீங்களோ?"

"வயலிலதான் வேலை செய்தனான். என்ர மதகு பூட்டியிருக்கேக்க என்ர வரம்பு நனைஞ்சால், பக்கத்து வாய்க்காலில தண்ணி ஓடுதெண்டு எனக்குத் தெரியும். ஏத்தும் அந்தக் கட்டையை."

ஏற்றினான்.

தேனுகாவின் குரல் அறை முழுக்க நிறைந்தது. அதே ஐந்து பாட்டு, அதே ஆர்மோனியத்துக்குப் பாடியது. எங்கும் மூச்சு முட்டவில்லை. சுழிப்புகள் எல்லாம் போய் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. நன்றாக இருந்தது.

"எப்ப பதிஞ்சனீர்?"

"நீங்கள் பாடினதுக்கு அடுத்த நாள்." சிவகரன் தலையைக் குனிந்துகொண்டான். "தலைவர்தான் சொன்னவர். ரெண்டையும் வச்சிரு, வெள்ளிக்கிழமை காலமை நான் சொல்லுறதைக் குடு எண்டு. உங்கட பதிவில சுருதி விலகிப் போச்சு, திருத்த நேரமில்லை, அவசரத்துக்கு ரீச்சரின்ரதைப் போட்டனாங்கள் எண்டு சொல்லுறதாத்தான்... அப்பிடி நான்தான் சபைக்குச் சொல்லவேணுமாம். கட்டையை இறக்கிவிட்டால் ஒண்டும் கேளாதெண்டு நினைச்சன். இந்தப் பொய் மேசை, கட்டைக்குப் போக முந்தியே சத்தத்தை எடுத்துப் பக்கத்துக்கு விடுதெண்டு இப்பதான் விளங்குது."

"என்ர சுருதி விலகினதோ?"

"இல்லையக்கா. சத்தியமா இல்லை."

அவன் சத்தியத்தை நம்பலாமா என்று யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. கீழே கார்க் கதவு அடிபட்டது. படியில் செல்வநாயகத்தின் குரல் ஏறி வந்தது. பின்னேரம் வரவேண்டியவர்கள் ஒரு மணிக்கே வந்துவிட்டார்கள். சிவகரனின் கை மவுஸுக்குப் பாய்ந்தது.

"நாலாவதை அழிச்சுவிடுறன் அக்கா. ஒண்டும் நடக்காத மாதிரிப் போகட்டும்."

"கையை எடும்! அழிச்சால் நான் ஆருக்கு என்னத்தைக் காட்டுறது? எல்லாம் முந்தி இருந்த மாதிரியே இருக்கட்டும். கசிவும்தான். தலைவர் கேட்ட சத்தம் தலைவருக்குப் போகட்டும்."

சிவகரன் கட்டையை இறக்கினான், குமிழை முழுக்கத் திருப்பினான். கதவு திறந்தது. முன்னால் தலைவர், பின்னால் செயலாளர் அப்புத்துரை. அவருக்கும் பின்னால், சுகந்தினி சற்றும் எதிர்பாராத ஆள், தேனுகா.

"ஆ, பிள்ளையும் வந்திட்டுதோ?" தலைவரின் சிரிப்பு ஒரு நொடி பிந்தி வந்தது. "நல்லது, நல்லது. சங்கீதம் தெரிஞ்ச ஆளும் ஒருக்காக் கேக்கட்டுமெண்டு மருமகளைக் கூட்டி வந்தனான்."

எதற்கு என்று சுகந்தினிக்கு விளங்கிவிட்டது. சுருதி விலகியது என்று சொல்ல ஒரு ரீச்சர், கேட்டிருக்க ஒரு செயலாளர். கச்சிதமான ஏற்பாடு.

பாட்டு ஓடியது. தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். "இதுதான்! இதுதான் நான் சொன்ன சத்தம். பாத்தீரே அப்புத்துரை, மேசைச் சத்தமெண்டால் இதுதான்."

"நல்லாத்தான் இருக்கு," என்றார் அப்புத்துரை.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா..." தலைவர் கண்ணைத் திறந்தார். "சுருதி எங்கயோ ஆடுற மாதிரிக் கிடக்கு. தம்பி, ஆர்மோனியத்தை எடுத்துப்போட்டுக் குரலை மட்டும் போடு. தேனுகா, வடிவாக் கேள் பிள்ளை. இரண்டாவது பாட்டு."

சிவகரன் சுகந்தினியைப் பார்த்தான். அவள் கண்ணை அசைக்கவில்லை. அவன் போட்டான்.

குரல் தனியாக வந்தது. "ஆடீர் ஊஞ்சல்" என்று வெட்டி நின்றது. அதன் பின்னால், கிணற்றுக்குள் இருந்து, அந்தச் சுழிப்பு.

தேனுகாவின் தலை நிமிர்ந்தது. "திருப்பிப் போடுங்கோ."

"வேண்டாம், சுருதி விலகினது எல்லாருக்கும் கேட்டதுதானே," என்றார் தலைவர்.

"சுருதி நல்லா நிக்குது மாமா. போடுங்கோ தம்பி."

போட்டான். தேனுகா ஸ்பீக்கருக்குக் கிட்டப் போய் நின்றாள். பிறகு மாமனாரின் பக்கம் திரும்பினாள்.

"மாமா, இது என்ர குரலெல்லோ?"

"உது மிசினில ஏதோ..."

"என்ர குரல் எனக்குத் தெரியாதே? சுகந்தினிக்கு மெட்டுக் காட்ட ஒரு மாதிரி பாடித் தா எண்டு சொன்னீங்கள். அவ பாடினதுக்கு அடியில அது ஏன் கிடக்குது?"

அப்புத்துரை மெதுவாகத் தொண்டையைச் செருமினார். "மெட்டுக் காட்டவோ? இந்தப் பிள்ளை இருவது வருசமாக் கேக்கிற பாட்டுக்கோ? தம்பி, நீ சொல்லு. தலைவரைப் பாராதை, என்னைப் பாத்துச் சொல்லு."

சிவகரன் சொன்னான். வெள்ளிக்கிழமை காலை எந்தப் பதிவைக் கொடுப்பதாக இருந்தது, யார் சொன்னது, சபைக்கு என்ன சொல்வதாக இருந்தது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான்.

"திருவுளச்சீட்டுக்கு மேலால நீர் இன்னொரு சீட்டுப் போட்டனீரோ தலைவர்?" அப்புத்துரை குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தலைவருக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

"கோயில் நன்மைக்குத்தானே... கனடாச் சனம் கேக்கிறது, தரமா இருக்கவேணுமெண்டு..."

"நான் கள்ளமாப் பாடவேண்டிய ஆளில்லை மாமா," என்றாள் தேனுகா. முகம் சிவந்திருந்தது. அது உண்மையான கோபமா, அல்லது அகப்பட்டுக்கொண்ட பிறகு வந்த கோபமா? சுகந்தினிக்கு அது இன்றுவரை நிச்சயமாகத் தெரியாது.

செல்வநாயகம் உடைந்த கதிரையில் உட்கார்ந்தார். அது ஒரு பக்கம் சரிந்தது. யாரும் சிரிக்கவில்லை. "சரி. முடிஞ்சுது. பிள்ளை பாடினதையே போடுங்கோ. மற்றதை அழிச்சுவிடு தம்பி."

சிவகரன் ஆறுதலாக மூச்சு விட்டான். அப்புத்துரை தலையாட்டினார். எல்லாம் தீர்ந்துவிட்ட மாதிரி மூவரும் சுகந்தினியைப் பார்த்தார்கள். அவள் நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தார்களோ என்னவோ.

"ரெண்டையும் அழியும் தம்பி," என்றாள் சுகந்தினி.

"அக்கா?"

"உந்த லப்ரொப்புக்குள்ள மேசை இருக்கெண்டு காட்டினீர். மேசைக்குள்ள கம்பி இருக்கெண்டீர். கம்பிக்குள்ளால ரீச்சர் வந்தா. இனி வெள்ளிக்கிழமை வரைக்கும் வேற ஆர் ஆர் வருவினமோ எனக்குத் தெரியாது. காவல் இருக்க எனக்கு நேரமும் இல்லை." அவள் அப்புத்துரையிடம் திரும்பினாள். "ஐயா, சீட்டில என்ன எழுதியிருந்தது? ஊஞ்சல் பாட்டுப் பாடுறவர் எண்டுதானே? பாட்டுப் போடுறவர் எண்டில்லையே?"

"பாடுறவர் எண்டுதான். என்ர கையாலதான் எழுதினனான்."

"அப்ப நான் பாடுறன். ஊஞ்சலுக்குப் பக்கத்தில, மைக்கைப் பிடிச்சு, முந்தி ரீச்சர் நிண்ட இடத்தில நிண்டு."

தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்புத்துரை கையைக் காட்டினார். "சீட்டில உள்ளபடிதான் நடக்கும். கூட்டக் குறிப்பிலயும் அப்பிடித்தான் கிடக்கு."

"இரண்டாவது பாட்டில மூச்சை முதலே எடுங்கோ," என்றாள் தேனுகா, வேறெங்கோ பார்த்தபடி. "மூண்டாவது வரிக்கு முந்தி. அப்ப முட்டாது."

சுகந்தினி அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். நல்ல யோசனையாகத்தான் இருந்தது. ஏன் சொல்கிறாள் என்பதுதான் பிடிபடவில்லை.

"பாப்பம்," என்றுவிட்டுப் படியிறங்கினாள்.

வியாழன் காலை அறிவித்தல் ஓட்டோ ஊருக்குள் வந்தது. கூரையில் கட்டிய லவுட்ஸ்பீக்கர், பூங்காவனத் திருவிழாவுக்கு அடியார்கள் அனைவரையும் அழைத்தது. பூசை நேரம், அன்னதான உபயகாரர், நாதஸ்வரக் கோஷ்டி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து, "ஊஞ்சல் பாட்டு நேரடியாகப் பாடுபவர், திருமதி சுகந்தினி சதீஸ்" என்றது.

கணபதி வேலிக்கு வெளியே, சுகந்தினி நின்ற இடத்துக்கு ஓடி வந்து, ஓட்டோ போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "கேட்டியா பிள்ளை? பேர் சொல்லிட்டாங்கள்! வா, உள்ள வந்து தேத்தண்ணி குடி."

"நீங்க குடியுங்கோ அப்பா. ஓட்டோ ஒழுங்கையால சுத்தித் திரும்பி வரும்," என்றாள் சுகந்தினி. "அப்பவும் என்ர பேர்தானோ எண்டு பாத்திட்டு வாறன்."